மூடி இல்லாத பேட்டரி

பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் ராமநாதபுரம் பக்கத்து வழக்கம். என் தங்கை வசந்திக்கு அது நடக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே தாய்வீடு அவளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. தாய்வீடு என்றால் நான் ஒருத்திதான்.

நான் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவளை விமானத்தில் ஏற்றி அனுப்பியது அக்கம்பக்கத்தாருக்கே வேடிக்கையாக இருந்தது.

வசந்தியின் கணவர் தவராசா திருகோணமலைக்காரர். மண்டபம் முகாமில் அகதியாக இருந்தபோது அவளைக் கட்டிக்கொண்டார். சமாதானம் வரும் என்று சொல்லி முகாமிலிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவரோடு அவளும் போனாள். சமாதானம் வரவில்லை. வெருகல் பக்கத்தில் அவர்களுடைய ஊர், அரசாங்கத்தின் கையில் இல்லாத பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்டது. கரண்ட் இல்லை, டாக்டர் இல்லை. ஊருக்கு ஒரே ஒரு கார் இருந்தது. அதை ஓட்டுபவர் தவராசா.

திருகோணமலை லிங்கநகரில் தவராசாவின் ஒன்றுவிட்ட அக்கா யோகம் வீட்டில்தான் முதலில் இறங்கினேன். குசினியில் பலகை போட்டு உட்காரவைத்து, பிட்டும் சூரைமீன் குழம்பும் சொதியும் வைத்தார். நாங்கள் சீனி போட்டு உதிர்த்துச் சாப்பிடும் புட்டை இவர்கள் மீன் குழம்பில் பிசைகிறார்கள். முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் தெருவில் கவச வண்டிகள் வரிசையாகப் போயின. யோகம் அக்கா ஜன்னலைச் சாத்தவில்லை, தலையையும் திருப்பவில்லை. "சொதி இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டார்.

தவராசா மறுநாள் வந்து சேர்ந்தார். முகாமில் பார்த்தபோது இருந்ததில் பாதி ஆளாக இருந்தார். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் ஒரு பழைய கார் பேட்டரி.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கள கூட்டிக்கொண்டு போறதுக்கு முந்தி இதுக்கு ஒரு வழி பார்க்கவேணும்" என்றார்.

வழி பார்க்க வேண்டிய காரணத்தையும் அவரே சொன்னார். வசந்திக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாகவும், வலி கண்டவுடன் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் மூதூர் கிளினிக் டாக்டர் சொல்லியிருந்தார். குலுங்கினால் இரத்தம் போகும், டிராக்டர் பெட்டியில் மட்டும் ஏற்றிவிடாதே என்றும் சொல்லியிருந்தார். முன்கூட்டியே டவுனில் வந்து தங்க அனுமதி கேட்டார்கள். அது வரவில்லை. கார்தான் ஒரே நம்பிக்கை. அந்தக் காரோ பேட்டரி செத்துப்போய், ஐந்தாறு பேர் தள்ளினால்தான் புறப்படுகிறது. அன்றும் அப்படித் தள்ளித்தான் மூதூர் வரை ஓட்டிவந்து, தெரிந்தவர் வீட்டு வளவில் விட்டுவிட்டு, பேட்டரியைத் தோளில் போட்டுக்கொண்டு லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறியிருக்கிறார்.

பேட்டரிக் கடை துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் நானா என்றார்கள்; அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உள்ளே நீளமான பலகையில் மோட்டார் சைக்கிள் பேட்டரி, கார் பேட்டரி, லாரி பேட்டரி என்று வரிசையாக வைத்து, கம்பியால் ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். மூடிகளைக் கழற்றியிருந்ததால் உள்ளே தண்ணீர் பொரிவது கேட்டது. அமில வாடை மூக்கை அரித்தது.

நானா பழைய பேட்டரியின் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூடிகள் எப்போதோ உடைந்துபோய், ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் அடைப்பான்களால் ஆறு துளைகளையும் அடைத்திருந்தார்கள்.

"தம்பி, இதுக்கு என்ன தண்ணி ஊத்தின?"

"கிணத்துத் தண்ணிதான் நானா. கொதிக்கவெச்சு வடிச்சு."

"உங்கட ஊர்க் கிணறோ? அதுக்கு கடல்லயே அள்ளி ஊத்தியிருக்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவராசாவும் சிரித்தார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை அவர்கள் ஊருக்குள் கொண்டுபோக ராணுவம் விடுவதில்லை. அமிலமும் விடுவதில்லை. ரேடியோவுக்குப் போடும் சின்ன பேட்டரிகூட விடுவதில்லை. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, அந்த டைனமோவில் ரேடியோ பாடுமாம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும் என்றார் தவராசா.

சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு நானா கையை விரித்தார். மெல்லச் சார்ஜ் என்று ஒன்று இருக்கிறதாம். ஒரு பகலும் ஓர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் தகட்டின் உள்ளே வரை ஊறும். அவசரச் சார்ஜ் மேலோட்டமாக ஏறி மேலோட்டமாகவே இறங்கிவிடும். கார் ஓடும்போது டைனமோவிலிருந்து ஏறுவது மூன்றாவது வகை. ஆனால் பள்ளமும் மேடுமாக ஊர்ந்து போகும் வண்டியில் அது பேருக்குத்தான். எந்த வகைக்கும் தகடு இருக்க வேண்டும். இதில் தகடு கரைந்து அடியில் சேறாகக் கிடக்கிறது என்றார்.

பிறகு மேல் தட்டிலிருந்து புதிது ஒன்றை இறக்கினார். மேலே வழவழவென்று இருந்தது. மூடியே இல்லை.

"இதுக்கு தண்ணி ஊத்தத் தேவல்ல. திறக்கவும் ஏலாது. வெச்சா வெச்சதுதான்."

தவராசா அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிரசவச் செலவுக்கென்று நான் கொண்டுபோயிருந்ததில் அதை வாங்கினோம். பழையதை ஈயத்துக்கு எடுத்துக்கொண்டார் நானா. ரப்பர் அடைப்பான்களை மட்டும் தவராசா பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஊரில் எதையும் எறிய மாட்டார்கள்.

லோஞ்சில் ஏறுவதற்கு முன் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். வசந்திக்காக நான் கொண்டுவந்த பிரசவ லேகியத்தை ஒரு பெண் சிப்பாய் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். மூதூர் வரை பேட்டரியைக் கொண்டுபோகத் தடை இல்லை. துறைமுகத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் அசையாமல் நின்றன. அழகான துறைமுகம்தான். எங்கள் பாம்பன் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மலைகளுக்கு நடுவே கடல் இப்படி அடங்கிக் கிடப்பது புதிதாக இருந்தது. ஆனால் துறைமுகத்தை விட்டு விரிகுடாவுக்குள் போனதும் அலை தூக்கி அடித்தது. நான் முந்தானையில் வாந்தி எடுத்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி, தேசிக்காய் என்று அவர்கள் சொல்லும் எலுமிச்சங்காயைக் கிள்ளி என் மூக்கருகே பிடித்தாள். பின்னால் யாரோ தவராசாவைக் கேலி செய்தார்.

"கரண்ட் இல்லாத ஊருக்கு கரண்ட்ட சாக்கில கட்டிக்கொண்டு போறியளோ?"

"ஓம் அண்ணே. உங்களுக்கும் ஒரு முழம் வெட்டித் தரட்டோ?"

அவர் அவ்வளவு கலகலப்பாக இருந்ததை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

மூதூரில் புதிய பேட்டரியைப் பூட்டியதும் கார் ஒரே உறுமலில் புறப்பட்டது. பழைய இங்கிலீஷ் கார். கொஞ்சம் பெட்ரோலில் கிளம்பிச் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். பெட்ரோல் கிடைக்காத ஊர்களில் எல்லாக் கார்களும் அப்படித்தானாம். பின்னால் அடுப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தது.

எல்லையில் ஒரு பாலம். அதற்கு இந்தப் பக்கம் மணல் மூட்டை அடுக்கிய காவலரண். அதைச் சென்றி என்கிறார்கள். தூரத்திலேயே இஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி நடந்து போக வேண்டும். உள்ளே போகும் வண்டியில் ஒரு பேட்டரிதான் இருக்கலாம். அந்த பேட்டரியின் மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் சிப்பாய் ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பான். உள்ளே வேறு ஏதும் ஒளித்து வைக்கவில்லை என்று அப்படித்தான் முடிவு செய்வார்கள்.

அன்றிருந்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. காரின் பானெட்டைத் தூக்கி, கம்பியோடு குனிந்து, அப்படியே நின்றான்.

"மூடி எங்க?"

"இதுக்கு மூடி இல்ல சேர். இது புது மாதிரி."

"மூடி திறக்க வேணும்."

"திறக்க ஏலாது சேர்."

அவன் கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தான். "அண்ணே, திறக்க ஏலாட்டி போக ஏலாது" என்றான். அதை மரியாதையாகத்தான் சொன்னான். தவராசா மனைவியின் நிலையைச் சொன்னார், கிளினிக் அட்டையைக் காட்டினார், என்னையும் கைகாட்டி இந்தியாவிலிருந்து வந்த அக்கா என்றார். அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு திரும்பவும் அதையே சொன்னான்.

வந்த வழியே மூதூருக்குத் திரும்பினோம். லோஞ்ச் போய்விட்டிருந்தது. மறுநாள் நானாவிடம் போய் மாற்றலாம் என்றேன். நான் வாய்விட்டுச் சொன்னதே பெரிது. ஆனால் தவராசாவின் பயண அனுமதி மறுநாளோடு முடிகிறது. கடலைத் தாண்டிப் போய்வந்தால் ஊருக்குள் நுழைய முடியாது. வசந்தி அங்கே தனியாக இருக்கிறாள்.

கார் நிறுத்தியிருந்த வளவுக்காரரின் அடுப்பில் தவராசா ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சினார். மதிய வெயில். பேட்டரியை மாமரத்தடியில் வைத்து, காற்று வரும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உள்ளே வாயு நின்றால் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னையும் வீட்டுக்காரப் பெண்ணையும் தூரப் போகச் சொன்னார். நாங்கள் கிணற்றடியில் நின்றோம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. கம்பி ஆறும்போதெல்லாம் எழுந்து போய்த் திரும்பக் காய்ச்சிக்கொண்டு வந்தார். வழவழப்பான அந்தத் தலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு துளைகள் விழுந்தன. சட்டைப் பையிலிருந்து ரப்பர் அடைப்பான்களை எடுத்து அவற்றில் திணித்தார். நல்ல பேட்டரி இப்போது பழைய பேட்டரியைப் போலவே இருந்தது.

"இப்ப சென்றிக்குப் பிடிக்கும்" என்றார்.

பிடித்தது. மறுநாள் காலை அதே சிப்பாய்தான் நின்றான். குனிந்து பார்த்தான். கருகிய ஓரங்களைப் பார்த்தான், எங்கள் முகங்களைப் பார்த்தான். ஒவ்வொரு அடைப்பானாகப் பிடுங்கிக் கம்பியை விட்டான். உதட்டில் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டு, "போங்க" என்று கையைக் காட்டினான். விதி என்ன கேட்டதோ அதைக் கொடுத்துவிட்டோம். எங்கள் ஊரில் ரேஷன் கடையில் இதைவிட அற்பமான விதிகளுக்கு நான் கால்கடுக்க நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே சர்க்கரைதான் கிடைக்காமல் போகும்.

வசந்தி வாசலில் நின்றாள். வயிறு இறங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அடுத்த நிமிடம் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளாப் போயி இதத்தான் வாங்கிட்டு வந்தீங்களா? தலையெல்லாம் அம்மை கண்ட மாதிரி இருக்கு."

"இது இந்தியாக்காரிக்கு விளங்காது. பேசாம இரும்."

இரண்டு பேச்சும் கலந்துதான் அவள் இப்போது பேசுகிறாள். ஓம் என்கிறாள், ஏலாது என்கிறாள், கோபம் வந்தால் மட்டும் ராமநாதபுரம் வந்துவிடுகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் வைத்தாள். நான் செய்கிறேன் என்றால் விடவில்லை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் லேகியத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டு, அம்மா கைப்பக்குவம் உனக்கு வரவில்லை என்று குறை சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் தவராசா காலையும் மாலையும் காரைக் கிளப்பிப் பார்த்தார். முதலில் சட்டென்று பிடித்தது. பிறகு முனகிப் பிடித்தது. ரோட்டின் குலுக்கலில் அடைப்பான்களின் ஓரமாக அமிலம் கசிந்திருந்தது. குறைந்த இடத்தை வேறு வழியின்றிக் கிணற்றுத் தண்ணீரால்தான் நிரப்பினார். ஒரு துளை மட்டும் மற்றவைபோல் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பழுத்த கம்பி அந்த அறையில் ஆழமாக இறங்கித் தகட்டைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு பேட்டரிக்குள் ஆறு அறைகள் கைகோத்து நிற்குமாம். ஒன்று கையை விட்டால் மற்ற ஐந்தும் நல்லதாக இருந்து பயன் இல்லை. அதை அவர் வசந்திக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார். தினமும் காரை வீட்டைச் சுற்றி ஓட்டினார், டைனமோவிலிருந்து ஏதாவது ஏறட்டும் என்று. சார்ஜ் ஏறினால் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு மங்குமே தவிர அணையாது. ஊரில் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கார் பிடித்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரமாக வந்து, இன்றைக்குப் பிடித்துவிட்டது என்று எங்களுக்கே சொல்வார்கள்.

ஒரு நாள் விடிந்து சற்று நேரத்தில் வசந்திக்கு வலி வந்தது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உடனே கொண்டுபோகச் சொன்னார். ஊரே வந்து காரைத் தள்ளியது. அது பிடித்தபோது ஒரு கிழவர் சாமி கும்பிட்டார். பின் சீட்டில் வசந்தி என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். தவராசா பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மெல்லப் போனால் சார்ஜ் ஏறாது, வேகமாகப் போனால் அவளுக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைத் தேடிக்கொண்டே பாலம் வரை வந்தார்.

பாலத்தடியில் இஞ்சினை நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தவில்லை. ஓடவிட்டபடி கதவைத் திறந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். சென்றிக்குள்ளிருந்து துப்பாக்கிகள் நீண்டன. நிறுத்து என்று கத்தினார்கள். என் மடியில் வசந்தி, "நிப்பாட்டுங்க, சுட்டுருவாங்க" என்றாள். அவர் காருக்குள் குனிந்து சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.

பெரியவரிடம் கேட்டு வர வேண்டும் என்றார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. வசந்தியின் கால்மாட்டில் சீட்டு நனைந்திருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் என்று நினைத்தேன். தொட்ட கை சிவந்திருந்தது. அனுமதி வந்தது. தவராசா சாவியைப் போட்டார். ஒரு முனகல், பிறகு ஒரு சொடுக்கு, பிறகு அதுவும் இல்லை. இஞ்சின் ஆறிவிட்டது. ஆறிய இஞ்சினில் மண்ணெண்ணெய் பிடிக்காது, பெட்ரோலைக் காட்டினாலும் பொறி வேண்டும்.

அந்தச் சின்னச் சிப்பாய் துப்பாக்கியை மணல் மூட்டையில் சாத்திவிட்டு ஓடிவந்தான். இன்னும் சிலரைக் கூப்பிட்டான். பூட்ஸ் கால்கள் மணலில் புதையப் புதையப் பாலத்தின் நீளத்துக்கும் தள்ளினார்கள். திரும்பவும் தள்ளினார்கள். கார் பிடிக்கவில்லை. அவன் முகம் வேர்த்து, என் பக்கத்து ஜன்னலைப் பிடித்தபடி, "அக்கா, பயம் வேணாம், பயம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கோபிக்கவும் ஓர் ஆள் இல்லாமல்தான் திரும்பி வந்தேன்.

கடைசியில் செங்கல் ஏற்றிவந்த ஒரு டிராக்டரை மறித்து, கல்லை இறக்கி, வைக்கோல் போட்டு அவளை அதில் ஏற்றினோம். எதில் ஏற்றக் கூடாது என்றார்களோ அதில்தான் ஏற்றினோம். மூதூரில் ஊசி போட்டுக் கடலுக்கு அப்பால் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண். தலை நிறைய முடி. அழவில்லை. வசந்தி பிழைத்துவிட்டாள்.

இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று தாதி ஒருத்தி கேட்டாள். தவராசா வெளியே போய்ச் சுவரோரம் குந்திக்கொண்டார். பிள்ளையை அன்று மாலையே, ஊரடங்குக்கு முன்னால், யோகம் அக்கா வீட்டு ஆண்களோடு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம், "அக்கா, அந்தப் பற்றரிய நானாட்டக் குடுத்து மெல்லச் சார்ஜ் போட்டுப் பார்க்கவேணும். ஒருவேளை எழும்பும்" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். பிசைந்துகொண்டே இருந்தார்.

பிறகு வசந்திக்குப் பால் கட்டியது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. சட்டை நனைந்துகொண்டே இருந்தது. அவள் வாய்விட்டு அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, நனைந்த இடத்தைப் போர்வையால் மூடி மூடிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பிள்ளைகள் இருந்தன. எங்கள் ஊரில் இதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். இரண்டு மூன்று நாளில் பால் வற்றிவிடும்.

காலையில் காளி கோயிலடிக்குப் போனேன். அந்த ஊரில் மாடுபோலத் தெருவில் திரியும் மான்கள் ரோட்டில் வாழைத்தோல் தின்றுகொண்டிருந்தன. பூக்காரர் உதிரி மல்லிகையைக் கூடையில் வைத்து ஈரத்துணி மூடியிருந்தார். நிறைய வேண்டும் என்று கையால் காட்டினேன்.

"கோயிலுக்கோ பிள்ளை?"

ஆமாம் என்றேன்.

அவர் அளந்து போட்டார். பிறகு தன் கணக்கில் இன்னும் ஒரு கை அள்ளி மேலே வைத்து, "அம்மாளாச்சிக்கு என்ர பேரிலயும் போடுங்கோ" என்றார்.